எருக்குழியில் போட்ட மாத்திரை

மயிலாடுதுறைப் பக்கம் காவிரிக் கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் ஏழு பக்கத்துக்குக் கைப்பட எழுதியிருக்கிறார். வயது 58. நான்கு ஏக்கர் நஞ்சை, இரண்டு மாடு. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய வேறு சிலவற்றை நானும் எடுத்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை, ஐந்து வருடமாக ரத்த அழுத்தம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் என்று மூன்று மாத்திரை. எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் யோகா சொல்லித்தரும் ஒருவரிடம் சேர்ந்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம். 84 கிலோ இருந்தவர் 76 ஆகிவிட்டார். மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.4-லிருந்து 7.2-க்கு இறங்கிவிட்டது. நல்ல தூக்கம் வருகிறது, கோபம் குறைந்திருக்கிறது. பௌர்ணமிதோறும் திருவாவடுதுறைக்குப் போய்த் திருமூலர் சன்னதியில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

மூன்று வாரத்துக்கு முன் ஆசிரியர், "மாத்திரை விஷம். அது உள்ளே போகிறவரை பிராணன் ஓடாது" என்று சொல்ல, மூன்றையும் நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக 48 நாள் விரதம்: ஒருவேளை உணவு, பத்து நிமிடம் சிரசாசனம், 64 எண்ணும்வரை மூச்சை அடக்கும் கும்பகம், காலை மாலை ஆசிரியர் தரும் ஒரு சூரணம். வீட்டில் சொன்னால் சண்டை வரும் என்று, மனைவி எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளைக் கையில் வாங்கிக்கொண்டு போய் எருக்குழியில் போட்டிருக்கிறார். ஒருநாள் மழை பெய்து, அவை சாணத்தின் மேல் வெள்ளை வெள்ளையாக ஊறிக் கிடந்ததை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அழுகைதான். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போனில் கத்துகிறார்.

அவர் கேட்பவை நான்கு. போன வாரம் பார்த்தபோதும் 7.2 தான் இருந்தது. அப்படியென்றால் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுப்பட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? சித்தர்கள் என்ன மாத்திரையா போட்டார்கள்? மாத்திரையைத் திரும்பப் போட்டால் அது நம்பிக்கைக் குறைவா, குருத்துரோகமா? அடுத்த வருடம், அறுபதாம் வயது தொடங்கும்போது செய்யும் உக்ரரத சாந்தியைத் திருக்கடையூரில் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மூச்சைப் பிடித்தால் எமனையே உதைக்கலாம் என்று திருமூலர் சொன்ன பிறகு அந்தச் சடங்கு எதற்கு?

இவற்றுக்கு நடுவில், ஆறாம் பக்கத்தில், கேள்வியாக இல்லாமல் ஒரு சந்தோஷச் செய்தியாக இரண்டு வரி இருக்கிறது. பத்து நாளாக இடது கண்ணில் சிலந்தி வலை மாதிரி கறுப்பாக ஒன்று மிதக்கிறது. இருட்டில் கண்ணோரத்தில் மின்னல் வெட்டுகிறது. ஆசிரியர் அதை உள்ளொளி திறக்கும் அடையாளம் என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் இடது கண்

ஐயா, வணக்கம். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் வருகிறேன். அந்த இரண்டு வரியைப் படித்த பிறகு எனக்கு மற்றது எதுவும் ஓடவில்லை. அதனால் இந்தப் பதிலை இதழில் வரும்வரை வைத்திராமல், இந்தப் பகுதியை மட்டும் உங்கள் எண்ணுக்கு அன்றே சொல்லியும்விட்டேன். இதே அறிகுறி உள்ள மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

கண்ணுக்குள் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவான ஒரு கூழ் நிரம்பியிருக்கிறது. அதன் பின்புறம், சுவரில் ஒட்டிய மெல்லிய தாள் மாதிரி விழித்திரை. ஒன்பது வருடச் சர்க்கரை அந்த விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பலவீனமாக்கியிருக்கலாம். சிலருக்கு அங்கே நூல் போன்ற புதுக் குழாய்கள் முளைக்கும்; அவை எளிதில் கிழியும். ஒன்று கசிந்தாலும் கூழுக்குள் ரத்தம் மிதக்கும். அதுதான் சிலந்தி வலையாகவும் கொசுவாகவும் தெரியும். ஓரத்தில் மின்னல் வெட்டுவது, விழித்திரை எங்கோ இழுபடுகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். வயதுக்கு வரும் சாதாரண மாற்றமாகவும் இருக்கலாம். எது என்பதைக் கண்மணியை விரியவைத்து உள்ளே பார்த்தால்தான் சொல்ல முடியும். கிழிசலாக இருந்து சீக்கிரம் பார்த்துவிட்டால் லேசர் வைத்து அடைத்துவிடலாம். விழித்திரை பிரிந்துபோய், நாளும் கடந்துவிட்டால் போன பார்வை திரும்புவது கஷ்டம்.

உள்ளொளி என்று சொன்னதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைச் சுவர் எதிரே உட்கார்ந்து இடது கண்ணைக் கையால் மூடுங்கள். வலை காணாமல் போகும். இப்போது வலது கண்ணை மூடி, இடது கண்ணை மெதுவாக மேலும் கீழும் உருட்டுங்கள். வலையும் கூடவே, கொஞ்சம் பின்தங்கி, மிதந்து வரும். தியானத்தில் கிடைக்கும் அனுபவம் இடது கண்ணுக்கு மட்டும் வராது. கண்ணை உருட்டினால் கூடவே உருளாது.

யோகத்தின் மூல நூலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. சிதம்பரத்தில் பாம்பு உடலோடு கூத்தனைக் கும்பிட்டு நிற்பவராக நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பதஞ்சலி, யோகசூத்திரத்தின் முதல் பாதத்தில் சாதகனுக்கு வரும் தடைகள் ஒன்பதைச் சொல்கிறார். முதலாவதாக அவர் வைத்திருப்பது வியாதி. சோம்பல், சந்தேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதே வரிசையில் பிராந்தி தரிசனம் என்று ஒன்று வருகிறது. இல்லாததை இருப்பதாக, ஒன்றை வேறொன்றாகக் காண்பது. நோயின் குறியை ஞானத்தின் குறி என்று எடுத்துக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இது அளந்து பார்த்த விஷயம். மூச்சை இறுக்கிப் பிடிக்கும்போது தலைக்குள் இருக்கும் சிரைகளில் ரத்தம் தேங்கி முட்டும். நல்ல குழாய்கள் இதைத் தாங்கிவிடும். உங்கள் குழாய்கள் தாங்குமா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. ஆகவே சிரசாசனம், கும்பகம் இரண்டும் இன்றோடு நிற்கட்டும். கண்ணைப் பார்த்து முடிவு தெரியும்வரை நெல் மூட்டை தூக்குவதும் வேண்டாம். நாளைக் காலையே கண் மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே விழித்திரை பார்க்கும் வசதி இல்லை என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். திடீரென்று புள்ளிகள் மழை மாதிரி கொட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

7.2 சொல்வதும் சொல்லாததும்

9.4-லிருந்து 7.2-க்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. முப்பது வருடமாக இந்த டெல்டாவில் வைத்தியம் பார்க்கிறேன். ஒரு ஆள் எட்டு மாதத்தில் எட்டு கிலோ குறைத்து, அதிகாலை எழுந்து, கோபத்தையும் அடக்குவதை அடிக்கடி பார்ப்பதில்லை. அந்த உழைப்பு உங்களுடையது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் கணக்கில் ஒரு தவறு இருக்கிறது. அந்தப் பரிசோதனை, ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் அதற்கு மூன்று மாதச் சராசரி என்று பெயர். நீங்கள் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம்தான் ஆகிறது. போன வாரத்து 7.2-ல் பெரும்பகுதி, யோகாவும் மாத்திரையும் சேர்ந்து வேலை செய்த நாட்களின் கணக்கு. மாத்திரை இல்லாத இந்த நாட்களின் கதை இனிமேல்தான் அதில் ஏறும். இன்றைய நிலை தெரிய வேண்டுமானால் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள்.

அந்த 7.2-ஐத் தவிர, நிறுத்திய பிறகு நீங்கள் அளந்து எழுதியிருக்கும் ஒரே எண் ரத்த அழுத்தம்: மருந்துக் கடையில் பார்த்தது, 164/98. இந்த அழுத்தத்தோடு பத்து நிமிடம் தலைகீழாக நின்றிருக்கிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சரி, மாத்திரையை ஒருநாளும் விடவே முடியாதா? அப்படியும் இல்லை. மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகும் அந்த அளவு 6.5-க்குக் கீழே நின்றால் அதை நோய் தணிந்த நிலை என்று சொல்லலாம் என 2021-ல் பன்னாட்டு நீரிழிவு வல்லுநர்கள் கூடி வரையறுத்திருக்கிறார்கள். எடை குறைத்தவர்கள் சிலர் அதை எட்டியும் இருக்கிறார்கள். நோய் வந்து சில வருடங்களுக்குள் என்றால் வாய்ப்பு கூடுதல். ஒன்பது வருடத்தில் கடினம். மாத்திரையின் எண்ணிக்கையோ அளவோ குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை மருத்துவர் ஒவ்வொன்றாக, அளந்து பார்த்துக் குறைப்பார். மூன்றையும் ஒரே நாளில் எருக்குழியில் போட்டுவிட்டு அதை எட்ட முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். வேறு சிலர் அழுத்தத்துக்கு அட்டினலால் மாதிரி மாத்திரை சாப்பிடுவார்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கே ஆபத்து. இதைப் படிக்கும் யாரும் உங்களைப் பார்த்து அப்படிச் செய்துவிடக்கூடாது.

"சித்தர்கள் மாத்திரையா போட்டார்கள்?"

இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் உண்மையான தவிப்போடு கேட்டிருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

சித்த மருத்துவம் என்ற பெயரே அவர்களால் வந்தது. சூரணம், லேகியம், பற்பம், செந்தூரம் என்று வகைவகையாக மருந்து சொன்ன மரபு அது. அதில் மாத்திரை என்றே ஒரு மருந்து வகையும் உண்டு. எதை எவ்வளவு, தேனோ வெந்நீரோ எந்த அனுபானத்தில், என்ன பத்தியத்தோடு என்று நுணுக்கமாகக் கணக்குச் சொன்னவர்களை மருந்துக்கு எதிரிகளாக நாம் ஆக்கிவிடக்கூடாது.

திருமூலரை எடுத்துக்கொள்வோம், நீங்கள் அவர் சன்னதியில் உட்காருகிறவர் என்பதால். மேய்ப்பன் மூலன் சாத்தனூர்க் காட்டில் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றிக் கதறின. அந்த வேதனை பொறுக்காமல் ஒரு யோகி அவன் உடம்பில் புகுந்து திருமூலர் ஆனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்புறம் தன் பழைய உடம்பைத் தேடினால் அது இல்லை. ஒரு மாட்டுக்காரனின் உடம்பே அவருக்கு வாய்த்தது. அதை வைத்துக்கொண்டுதான் திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் இருந்து திருமந்திரத்தின் மூவாயிரம் பாட்டும் சொன்னார். கூடுவிட்டுக் கூடு பாயத் தெரிந்தவர் உடம்பை ஒரு சட்டை மாதிரி நினைத்திருக்கலாம். ஆனால் அதன் மூன்றாம் தந்திரத்தில், யோகம் சொல்லும் அதே பகுதியில், அவர் சொல்வது வேறு. "உடம்பார் அழியின் உயிரார் அழிவர்" என்று தொடங்கி, "உடம்பை வளர்க்கும் உபாயம் அறிந்தே உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த்தேனே" என்று முடிக்கிறார். அந்த 'உபாயம்' என்ற சொல்லில் உங்கள் ஆம்லோடிபினும் அடங்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

எமனை உதைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பாட்டு எனக்கும் மிகவும் பிடித்தது.

"ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும்
காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாரில்லை
காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்குக்
கூற்றை உதைக்கும் குறியது வாமே"

நாம் எல்லோரும் கடைசி அடியைப் பிடித்துக்கொள்கிறோம். அவர் இரண்டு முறை சொல்வது 'கணக்கு'. அந்தக் கணக்கை அறிந்தவர் இல்லையே என்று முதலில் வருத்தப்பட்டுவிட்டுத்தான் பிறகு பலனைச் சொல்கிறார். கணக்கையும் அவரே தருகிறார்: 16 மாத்திரை உள்ளே இழுப்பது, 64 மாத்திரை நிறுத்துவது, 32 மாத்திரை வெளியே விடுவது. நீங்கள் 64 எண்ணுவது இங்கிருந்துதான் வந்தது. ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தாலும் ஒரே மூச்சுக்கு 112 நொடி ஆகிறது. ஏறக்குறைய இரண்டு நிமிடம். இது பல வருடம் படிப்படியாகப் பழகியவர் வந்து சேரும் இடம். எட்டு மாதம் பழகிய ஒருவர், உயர் அழுத்தத்தோடு, முதல் மண்டலத்திலேயே பிடிக்க வேண்டிய அளவு இது இல்லை.

மாத்திரை என்ற சொல்லுக்கே அளவு என்றுதான் பொருள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே மாத்திரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அதை அளக்கிறது. மூச்சுக்கும் அந்தச் சொல், நீங்கள் விழுங்குவதற்கும் அந்தச் சொல். இரண்டிலும் அளவு தப்பினால் கெடுதல்தான்.

இதை நான் சொல்லவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஹடயோகப் பிரதீபிகை, சிங்கத்தையும் யானையையும் புலியையும் மெல்ல மெல்லப் பழக்குவது போல மூச்சைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பழக்குகிறவனையே கொன்றுவிடும் என்கிறது. முறை தவறிய பிராணாயாமத்தால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி வரும் என்று பட்டியலும் போடுகிறது. அந்த நூல் விவரிக்கும் பதினைந்து ஆசனங்களில் சிரசாசனம் இல்லை. தலை கீழாகவும் கால் மேலாகவும் இருக்கும் விபரீதகரணியை முத்திரைகளோடு வைத்து, முதல் நாள் ஒரு கணம் மட்டும், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்கிறது. விரதத்துக்கும் அதில் பதில் உண்டு. வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட்டு உண்ணச் சொல்கிறதே தவிர, உபவாசத்தைத் தவிர்க்க வேண்டியவற்றோடு சேர்க்கிறது. அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே இருப்பவனுக்கும் யோகம் இல்லை என்று கீதையும் சொல்கிறது.

திருக்கடையூர் விஷயத்தில் நான் சொல்ல எதுவும் இல்லை. காலனை உதைத்த அந்தச் சன்னதியில் பிள்ளைகள் உங்களையும் உங்கள் வீட்டம்மாவையும் மாலையும் கழுத்துமாகப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். போய்விட்டு வாருங்கள்.

எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது

*மாத்திரைகள்.* கண் மருத்துவமனைக்குப் போகும் அன்றே பொது மருத்துவரையும் பார்த்து, நிறுத்திய நாள், எடைக் குறைவு, விரதம், சூரணம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையை எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அவர் முடிவு செய்யட்டும். குறிப்பாகக் கிளிமிபிரைடை நீங்களாகப் பழைய அளவில் தொடங்கிவிடாதீர்கள். அது கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்க்காது. எட்டு கிலோ குறைந்த உடம்பில், ஒருவேளைச் சாப்பாட்டில், அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வேர்வை, கைநடுக்கம், தலைசுற்றல் வந்தால் அதைத் தவத்தின் பலன் என்று நினைக்காமல் உடனே சர்க்கரை கரைத்துக் குடிக்க வேண்டும். செலவு ஒரு காரணமாக இருந்தால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த இரண்டு நோய்க்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்தால் போதும்.

*விரதம்.* 48 நாளையும் கைவிட வேண்டாம். மண்டலத்தைத் தொடருங்கள், உணவை மட்டும் மூன்று வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டில் சோறு பாதியாகட்டும், காய் இரண்டு மடங்காகட்டும்.

*ஆசனங்கள்.* கண் மருத்துவர் அனுமதித்த பிறகு தாடாசனம், உட்கார்ந்து செய்யும் எளிய திருப்பங்கள், புஜங்காசனம், சவாசனம் போதும். தலை இதயத்துக்குக் கீழே போகும் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். சர்வாங்காசனமும் ஹலாசனமும் இதில் அடக்கம். வஜ்ராசனத்தில் அரைமணி நேரம் உட்காருவதாக எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம்; முழங்காலருகே அது நெடுநேரம் நசுங்கினால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிடுவது உண்டு. ஐந்து நிமிடம் போதும். வயலில் இருந்து வந்ததும், புண் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள்.

*மூச்சு.* மூச்சை வேகமாக அடித்துவிடும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் அழுத்தம் கட்டுப்படும்வரை வேண்டாம். அவற்றுக்குப் பதிலாக நான் என் நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் ஒன்றைச் செய்யுங்கள். ஒரு ஆழாக்கு அரிசியைப் பழைய வேட்டித் துண்டில் முடிந்துகொள்ளுங்கள். கோரைப்பாயில் மல்லாந்து படுத்து அந்த முடிச்சைத் தொப்புளின் மேல் வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுங்கள். முடிச்சு மேலே எழ வேண்டும், மார்பு அசையக்கூடாது. ஆறு எண்ணும்வரை விடுங்கள். முடிச்சு இறங்க வேண்டும். நடுவில் நிறுத்த வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். முதல் சில நாள் முடிச்சு சரிந்து விழும், மூச்சு திணறுகிற மாதிரி இருக்கும், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் அரிசி, தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி ஏறி இறங்கத் தொடங்கும். மெதுவான மூச்சு ரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் இறக்க உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. சவாசனத்தால் அழுத்தம் குறைவதை 1969-லேயே பம்பாய் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். என் நாற்பதாவது வயதில் முதுகுவலிக்காகப் பாய் விரித்தவன் நான், இன்றும் விரிக்கிறேன். நாளில் எனக்குப் பிடித்த கால் மணி நேரம் இந்த அரிசி முடிச்சோடு படுத்திருப்பதுதான்.

*தியானம்.* அதை யாருக்காகவும் குறைக்காதீர்கள். பௌர்ணமிக்குத் திருவாவடுதுறையையும் விடாதீர்கள்.

ஆசிரியரும் அந்தச் சூரணமும்

உங்களை விடியற்காலை எழுப்பிவிட்ட மனிதர் அவர். அந்த நன்றி உங்களுக்கு இருப்பது சரி. ஆனால் ஆசனம் கற்றுக்கொடுப்பது ஒன்று, மருந்தை நிறுத்தச் சொல்வது வேறு ஒன்று. இரண்டாவதற்கு அவருக்குப் படிப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை. நாளைக்குப் பார்வை போனால் அவர் எதற்கும் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இல்லை.

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த துண்டறிக்கை, அந்தச் சூரணம் 48 நாளில் சர்க்கரையை அடியோடு போக்கும் என்கிறது. சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. துண்டறிக்கையும் விளம்பரம்தான். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன். ஊருக்குள் வாழ்கிறவர் நீங்கள். ஆனால் அந்தப் பொட்டலத்தில் உரிம எண், தயாரித்த தேதி, என்னென்ன சேர்ந்தது என்று எதுவுமே இல்லை என்கிறீர்கள். அப்படி வரும் பொடிகளில் சில சமயம் ஸ்டீராய்டு இருக்கும். சில சமயம் நீங்கள் விஷம் என்று நிறுத்திய அதே ஆங்கில மாத்திரையே பொடியாக இருக்கும். அதை நிறுத்திவிட்டுப் பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சித்த மருந்தில் நம்பிக்கை இருந்தால் அதற்கு நேர்வழி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு உண்டு. ஐந்தரை வருடம் படித்துப் பதிவு செய்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆவாரைக் குடிநீர் போன்றவற்றை உங்கள் மாத்திரையோடு சேர்த்து எப்படி எடுப்பது என்று அவர்களைக் கேளுங்கள். இரண்டு மருத்துவரிடமும் இரண்டையும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். யோகாவுக்கும் இயற்கை மருத்துவத்துக்கும் தனிப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. நோயோடு இருப்பவருக்கு எந்த ஆசனம் ஆகாது என்பதைப் படித்தவர்கள் அங்கே கற்றுத்தருவார்கள்.

குருத்துரோகம் என்ற பயம் உங்களுக்குள் பெரிதாக இருக்கிறது. அதற்கும் உங்கள் திருமூலரிடமே போவோம். "குருட்டினை நீக்கும் குருவினைக் கொள்ளார், குருட்டினை நீக்காக் குருவினைக் கொள்வர்" என்கிறார். அவர் சொன்னது அகக்கண்ணை. உங்களுக்கு இப்போது புறக்கண்ணுக்கே அது பொருந்துகிறது. ஆசிரியரிடம் போய் மரியாதையாகச் சொல்லுங்கள்: "கண்ணில் கோளாறு. டாக்டர் தலைகீழாக நிற்கக் கூடாது என்கிறார். உட்கார்ந்து செய்வதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்." அவர் சரி என்றால் தொடர்ந்து போங்கள். கோபப்பட்டால், நம்பிக்கை இல்லாதவன் என்று ஏசினால், வீட்டுத் திண்ணையில் பாயை விரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில்

அட்டாங்க யோகத்தில் ஆசனம் மூன்றாவது படி. அதற்கு முன் இயமம், நியமம் என்ற ஒழுக்கங்கள். இயமத்தில் நிற்பவன் யார் என்று திருமந்திரம் சொல்லும் வரிசையில் முதலில் கொல்லான், அடுத்தது பொய்கூறான். மனைவி கையில் வாங்கிய மாத்திரையை எருக்குழியில் போட்டது உங்களையும் உறுத்துகிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்த இடத்தில் மட்டும் எழுத்து அடித்து அடித்து எழுதப்பட்டிருக்கிறது. அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். மகனிடம் நான் பேசத் தயார். அப்பா எட்டு மாதத்தில் என்ன சாதித்திருக்கிறார் என்பதையும் அவருக்குச் சொல்லுவேன். கத்தினால் நீங்கள் இன்னும் மறைப்பீர்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம்.

நாளைக்குக் கண் மருத்துவமனைக்கு உங்கள் வீட்டம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். பழைய சீட்டுகளையும் அந்தச் சூரணப் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிய முக்கால் மணி நேரம்போல் ஆகும். அதன் பிறகு நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கலாகத் தெரியும். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள். திரும்பி வரும்போது படியில் ஏற அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.